பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்று வலி

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில் பருத்திப்பட்டு, காடுவெட்டி தாண்டினால் சென்னீர்குப்பம். அங்கே ஒரு சிறிய மருத்துவமனையில் நான் அறுவை மருத்துவர். ஒரு ஆபரேஷன் தியேட்டர், கூப்பிட்ட நேரத்துக்கு வந்துவிடும் மயக்க மருந்து மருத்துவர், மாடியில் பிரசவம் பார்க்கும் தோழி ஒருவர், டியூட்டி டாக்டர்கள், கைதேர்ந்த இரண்டு நர்ஸுகள். இவ்வளவுதான் எங்கள் படை. திருமழிசைத் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கும் பஸ் ஏறுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பவர்கள் எங்களிடம் வருகிறார்கள். குடலிறக்கம், மூலம், சீழ்க்கட்டி, வண்டியில் விழுந்த காயம் என்று நாள் ஓடும். வயிற்று வலியோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்துவிட்டால் மட்டும் எல்லோர் முகமும் மாறிவிடும்.

கூட வந்தவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதே டாக்டரம்மா?"

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், பிரசவம் ஆகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு படியிலும் காலைக் கட்டிப்போடுவதும் அதே பயம்தான். வீட்டார் மட்டும் பயப்படுவதில்லை, டாக்டர்களும் பயப்படுகிறோம். "இது பிள்ளைத்தாய்ச்சி, பிரசவ டாக்டர் பார்க்கட்டும்" என்று சர்ஜனும், "இது பிரசவ வலி இல்லை, சர்ஜன் பார்க்கட்டும்" என்று பிரசவ டாக்டரும் மாற்றி மாற்றிச் சீட்டு எழுதினால் ஓர் இரவு போய்விடும். இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: இந்தப் பெண்களுக்குக் கத்தியால் வருகிற கெடுதலைவிடக் காத்திருப்பதால் வருகிற கெடுதல் பெரிது. தாய் பிழைத்தால்தான் பிள்ளை பிழைக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் இல்லை. 1908இலேயே எட்மண்ட் பாப்லர் என்ற அமெரிக்க மருத்துவர், கர்ப்பிணிகளுக்கு வரும் குடல்வால் அழற்சியில் உயிரைக் கொல்வது நோயைவிடத் தாமதம்தான் என்று எழுதிவிட்டார். மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் அதைப் படிக்கிறோம். இருந்தும் இன்றுவரை அந்தத் தாமதம் நம்மைவிட்டுப் போகவில்லை.

பிரசவத்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காக வயிற்றில் ஆபரேஷன் தேவைப்படுவது ஏறக்குறைய 500 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு. அதில் முதலிடம் குடல்வாலுக்குத்தான். 1,000 முதல் 1,500 கர்ப்பங்களுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். கேட்க அபூர்வமாகத் தெரியும். பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பிரசவம் நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அபூர்வம் என்று சொல்ல மாட்டீர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் மாதம் முடியும் தறுவாய். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். வந்த மறுநாள் தொப்புளைச் சுற்றி வலி. அம்மா விளக்கெண்ணெய் தடவினார், ஓமத் தண்ணீர் கொடுத்தார். "சூட்டு வலிதான், ஏழாம் மாசம் வரும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் இரவு என்னிடம் கொண்டுவந்தபோது லேசான காய்ச்சல், நாக்கு வறண்டிருந்தது. "வளைகாப்புல அஞ்சு வகை சாதமும் சாப்பிட்டா டாக்டரம்மா, அது ஒத்துக்கலை" என்றார் அம்மா.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "முதல்ல வலி வந்துச்சா, வாந்தி வந்துச்சா?"

"வலிதான் முதல்ல. தொப்புள்கிட்ட ஆரம்பிச்சுது. இப்போ இங்க வந்துருச்சு" என்று வலப்பக்கம் கை வைத்தாள்.

பாதி விடை அதிலேயே இருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வயிறு பெரும்பாலும் முதலில் வாந்தி எடுக்கும், பிறகு வலிக்கும். குடல்வால் வீங்கினால் முதலில் வலி, பிறகு வாந்தி. வலியும் நடுவிலிருந்து நகர்ந்து ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்ளும். மசக்கை, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் என்று ஏற்கெனவே ஆயிரம் உபாதைகளோடு இருக்கும் உடம்பில் இந்த வரிசையைப் பிடிக்க வேண்டுமானால் அவளைப் பேசவிட வேண்டும். கூட வந்தவர்கள் அவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர்களை அன்போடு நிறுத்தக் கற்றுக்கொள்வதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

அடுத்தது கை. 1951இல் ஆல்டர்ஸ் என்ற மருத்துவர் சொல்லித் தந்த ஒரு சோதனையை இன்றும் செய்கிறேன். அவளை மல்லாக்கப் படுக்கவைத்து அதிகம் வலிக்கும் இடத்தில் விரலை வைத்து, விரலை எடுக்காமலே இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்வது. கர்ப்பப்பை அந்தப் பக்கம் சரியும். வலி கர்ப்பப்பையைச் சேர்ந்ததாக இருந்தால் விரலுக்கடியில் வலி குறைந்துவிடும். குறையாமல் அங்கேயே நின்றால் வலிக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ. இந்தப் பெண்ணுக்கு நகரவில்லை. இதற்கு மின்சாரம் வேண்டாம், பணம் வேண்டாம். நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்லும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கிறது.

ரத்தப் பரிசோதனை இங்கே பாதி உதவிதான். மற்றவர்களுக்கு வெள்ளை அணுக்கள் 11,000ஐத் தாண்டினால் கிருமி என்று சந்தேகப்படுவோம். கர்ப்பத்தில் 16,000 வரை இயல்பாகவே போகும், பிரசவ வலியின்போது 20,000ஐயும் தாண்டும். அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் இரண்டு பக்கமும் தவறுவார். ஸ்கேனும் அப்படித்தான். அன்றிரவு ஸ்கேன் பார்த்தவர், குழந்தை நன்றாக இருக்கிறது, குடல்வால் கண்ணுக்குப் படவில்லை என்று எழுதினார். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே, வீட்டுக்குப் போகலாமா?" என்று உடனே கேட்டார்கள். கண்ணுக்குப் படாதது வேறு, இல்லாதது வேறு என்று உட்கார்ந்து விளக்கினேன். ஏழு மாத வயிற்றில் குடல்வாலை ஸ்கேனில் தேடுவது கஷ்டம்.

குடல்வால் எங்கே போகும் என்பதே ஒரு பெரிய விவாதம். 1932இல் பேயரும் அவர் கூட்டாளிகளும் கர்ப்பிணிகளுக்கு பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மாதம் ஏற ஏறக் குடல்வாலும் மேலேறி விலாப்பக்கம் போகிறது என்றார்கள். ஆரோக்கியமான கர்ப்பிணிகளை இப்படி எக்ஸ்ரே எடுக்க இன்று யாரும் துணியமாட்டார்கள். பிற்காலத்தில் ஆபரேஷன் மேஜையில் பார்த்தவர்கள், அது அவ்வளவு தூரமெல்லாம் நகர்வதில்லை, எந்த மாதமானாலும் பெரும்பாலானவர்களுக்கு வலி வலப்பக்கக் கீழ்வயிற்றில்தான் என்று எழுதினார்கள். என் கைக்குத் தெரிந்ததும் அதுதான். ஆனாலும் ஏழாம் மாதத்துக்குமேல் விலாவுக்கடியில் வலி என்று வருகிறவரிடம் குடல்வாலை நான் மறப்பதில்லை.

எம்ஆர்ஐ எங்களிடம் இல்லை. ஆம்புலன்ஸில் நர்ஸைக் கூட ஏற்றி எடுத்துவர அனுப்பினேன். "ரேஸ் படுமே, புள்ளைக்கு ஊனம் ஆயிடுமே" என்று அவளுடைய அப்பா அழாத குறை. எம்ஆர்ஐயில் காந்தம்தான், கதிர் கிடையாது. கர்ப்பிணிகளுக்குச் சாய ஊசி போடாமல் எடுப்போம். கதிர் உள்ள பரிசோதனைகளைப் பற்றியும் ஜனங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச்சேரும் கதிர் 0.01 மில்லிகிரேகூட இருக்காது. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடி ஸ்கேனில் சுமார் 25 மில்லிகிரே. ஊனம் பற்றிக் கவலைப்பட வேண்டிய எல்லை 50 மில்லிகிரே என்று வைத்திருக்கிறார்கள். வேறு வழி இருக்கும்போது சிடி எடுக்கமாட்டோம். உயிருக்கு ஆபத்து என்றால் எடுக்கத் தயங்கவும் கூடாது.

படத்தில் குடல்வால் விரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது. அடுத்த தடை கையெழுத்து. கணவர் ஒரகடத்தில் நைட் ஷிப்ட். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக விடுவார்கள். மாமனார் போனில், "எட்டு வாரம் மருந்துல ஓட்டிட்டு, பிரசவத்தோட சேர்த்து எடுத்துடலாமேம்மா" என்றார். அவரிடம் கணக்கைச் சொன்னேன். வெடிக்காத குடல்வாலை எடுத்தால் கரு கலைகிற வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 5. வெடித்துச் சீழ் பரவிவிட்டால் அதுவே 20க்கு மேல். எட்டு வாரம் அது வெடிக்காமல் இருக்கும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். பிறகு அந்தப் பெண்ணிடமே பேனாவைக் கொடுத்தேன். வயது வந்த பெண் தன் உடம்புக்குத் தானே கையெழுத்துப் போடலாம். சட்டம் அதைத்தான் கேட்கிறது. கணவர் கையெழுத்துக்காகக் காத்திருந்து விடியவைக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது.

அவள் அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

தியேட்டரில் கர்ப்பிணிக்கென்று செய்ய வேண்டியவை சில உண்டு. குறைமாதத்தில் பிறக்க நேர்ந்தாலும் குழந்தையின் நுரையீரல் தாங்குவதற்காக ஸ்டீராய்டு ஊசியின் முதல் தவணையை முன்னதாகவே போட்டுவிட்டோம். 24 மணி நேரம் கழித்து அடுத்தது. மேஜையில் அவளை நேராக மல்லாக்கக் கிடத்தவில்லை. 20 வாரம் தாண்டிவிட்டால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தி, தாயின் பிபியும் குழந்தைக்குப் போகும் ரத்தமும் இறங்கும். வலப்பக்க இடுப்புக்கடியில் துணி மூட்டை கொடுத்து இடப்பக்கம் 15 டிகிரி சாய்த்தோம். தோழி டாப்ளரை வைத்துக் குழந்தையின் துடிப்பை முன்பும் பின்பும் எண்ணிக்கொண்டார். வலி எந்த இடத்தில் அதிகமோ அதற்கு நேராகச் சின்ன வெட்டு, தசையை அறுக்காமல் விலக்கி உள்ளே போனேன். குடல்வாலின் நுனி கறுத்து, மேலே சீழ் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. வெடிக்கவில்லை. கர்ப்பப்பையைத் தொடாமல் எடுத்துவிட்டு வந்தோம். அவளுக்கு நிறைமாதத்தில் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம் ஆனது.

இப்போதெல்லாம் எந்த மாதத்திலும் லேப்ராஸ்கோப்பி செய்யலாம் என்றே உலக வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதல் குழாயை வழக்கமான தொப்புளுக்குப் பதிலாகக் கர்ப்பப்பைக்கு மேலே, கண்ணால் பார்த்து இறக்கி, வாயு அழுத்தத்தை 15 மி.மீ.க்குமேல் ஏற்றாமல் செய்தால் பாதுகாப்புதான். எனக்குக் கை பழகியதையும் தியேட்டரில் இருப்பதையும் வைத்துத் தீர்மானிக்கிறேன். எப்படித் திறப்பது என்று விவாதித்துக்கொண்டு எப்போது திறப்பது என்பதைக் கோட்டைவிடக் கூடாது.

இந்த வலிகளிலேயே நேரம் மிகக் குறைவாகத் தருவது கருக்குழாயில் தங்கிய கரு. அது வரும்போது கர்ப்பிணி என்ற பெயரோடு வருவதில்லை. கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை, சாப்பிடாமல் வேலை செய்து மயங்கிவிட்டாள் என்று தோழிகள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பிபி ஓரளவு இருந்தது, நாடி மட்டும் 130இல் ஓடிற்று. கண்ணிமையை இறக்கிப் பார்த்தால் வெள்ளை. "வலது தோள் குடையுது மேடம்" என்றாள். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கி உதரவிதானத்தைத் தொட்டால் தோள்பட்டையில் வலிக்கும். தோள் வலி என்று தைலம் தடவிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். "நாள் தள்ளிப்போயிருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியால் எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை, அவள் வாயை மட்டும் அடைத்துவிடும். சிறுநீர் அட்டையில் இரண்டு கோடு. ஸ்கேனில் கர்ப்பப்பை காலி, கல்லீரல் வரைக்கும் ரத்தம். ரத்த வங்கிக்குப் போன் போட்டுக்கொண்டே தியேட்டருக்கு ஓடினோம். ரத்தம் வந்துசேரட்டும் என்று கத்தியை நிறுத்தி வைக்கக் கூடாது. கசியும் குழாயைக் கவ்வியில் பிடித்த அந்த நொடியில்தான் அவளுக்குப் பிழைப்பு. பர்மிங்காமில் லாசன் டெய்ட் 1883இல் முதன்முதலாக இதைச் செய்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அதற்குமுன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் வெடித்த குழாய்க்கு மருந்து அதே கத்திதான். வெடிக்குமுன் கண்டுபிடித்தவர்களில் சிலருக்கு மட்டும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போதும்.

நம் மாநிலத்துக்கென்று இதில் ஒரு கண்ணி உண்டு. "எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு, கர்ப்பத்துக்கு வாய்ப்பே இல்லை" என்பார்கள். கேட்டவுடன் டாக்டரும் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுவார். அந்த ஆபரேஷன் தவறுவது மிகக் குறைவு. ஆனால் தவறித் தரித்தால் அது குழாயில் தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். பிள்ளை பெறும் வயதில் வயிற்று வலி, மயக்கம் என்று வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த அட்டைச் சோதனையைச் செய்துவிடுங்கள் என்று எங்கள் டியூட்டி டாக்டர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக் கரு தரித்தவர்களிடம் இன்னும் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். கர்ப்பப்பைக்குள் ஒரு கருவும் குழாயில் இன்னொரு கருவும் சேர்ந்தே இருக்கலாம். இயற்கையில் 30,000க்கு ஒன்று, சோதனைக் குழாய் சிகிச்சையில் அதைவிடப் பல மடங்கு. கர்ப்பப்பையில் கரு தெரிகிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மற்றது, ஊசிகளால் பருத்த சினைப்பை முறுக்கிக்கொள்வது. பளிச்சென்று வரும் வலி, கூடவே வாந்தி. முறுக்கை எடுத்துவிட்டால் கறுத்த சினைப்பையும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வெட்டி எறிய அவசரப்பட வேண்டாம். 10 வாரத்துக்குமுன் சினைப்பையில் கருவைத் தாங்கும் பகுதியை எடுக்க நேர்ந்தால் புரோஜெஸ்டிரோன் கொடுக்க வேண்டும்.

எல்லா வலிக்கும் கத்தி எடுக்கவும் கூடாது. கர்ப்பப்பையில் உள்ள நார்க்கட்டி ரத்தம் குறைந்து அழுகினால் துடிதுடிக்க வலிக்கும். ஓய்வும் வலி மருந்தும் போதும், கைவைத்தால் ரத்தம் நிற்காது. எட்டாம் மாதத்தில் நடு நெஞ்சுக்குக் கீழே வலி என்றால் வாய்வு, பித்தப்பைக் கல் என்று நினைக்குமுன் பிபியையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்க வேண்டும். அது ரத்த அழுத்த நோயின் உச்சமாக இருந்தால் பிரசவத்தைத் தவிர வேறு மருந்து இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள் கடைசி மாதங்களில் வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் வாந்தி எடுத்தால் அதை மசக்கை என்று தள்ளக் கூடாது. பழைய தழும்பில் ஒட்டிய குடல் அடைத்திருக்கலாம்.

சாலையைப் பற்றி எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. பூந்தமல்லியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பள்ளம், தோண்டிய குழி, லாரி. அதில் ஒன்பது மாத வயிற்றோடு பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து செக்கப்புக்குப் போகிறார்கள். ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட், இவளுக்கு இல்லை. விழுந்தவள் எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்லை, சிராய்ப்புதான்" என்பாள். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் கூடியிருப்பதால், நிறைய ரத்தம் உள்ளே போனபிறகும் பிபி இறங்காமல் நம்மை ஏமாற்றும். நஞ்சுக்கொடி பிரிந்திருந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் போகலாம். எவ்வளவு சின்ன விழுதலானாலும் பிள்ளை பிழைக்கக்கூடிய மாதத்தில் இருக்கிறவளைக் குறைந்தது நான்கு மணி நேரம் குழந்தையின் துடிப்பைக் கவனித்த பிறகே அனுப்புகிறோம். நெகட்டிவ் ரத்தப் பிரிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி.

எங்களால் முடியாததை அனுப்பிவிடுகிறோம். 30 வாரக் குழந்தை பிறந்துவிடலாம் என்ற நிலையில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில் தாயை வைத்திருப்பது அநியாயம். தண்டலத்திலும் போரூரிலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை எத்தனை சிக்கலான கேஸையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெடித்த குழாயோடு எழும்பூர் போகும் வழியில் கோயம்பேட்டு நெரிசலில் நிற்க முடியாது. அதை இங்கேயே கட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது எங்கள் டாக்டர் அங்கே உள்ள டாக்டரோடு போனில் பேசி, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம், ரத்தப் பிரிவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தருகிறார். "மேல் சிகிச்சைக்கு" என்று ஒரு வரி எழுதிய சீட்டோடு வரும் பெண்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று வீட்டார் மறுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி. அந்த மறுப்பு இன்று இல்லை. பெண் டாக்டர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறோம். பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லித் தாயின் சிகிச்சையைத் தள்ளிப்போடும் மறுப்புதான் மிச்சம் இருக்கிறது. அதையும் விட்டுவிட வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

இதைப் படிக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு: ஓமத் தண்ணீர் கொடுங்கள், தவறில்லை. இரண்டு மணி நேரத்தில் வலி அடங்காவிட்டால், வலி ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்தால், காய்ச்சலோ தொடர் வாந்தியோ சேர்ந்தால், மயக்கமோ தோள் வலியோ வந்தால், வண்டியிலிருந்து விழுந்திருந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலியை அடக்குகிற ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள். படுக்கவைக்கும்போது இடப்பக்கமாகப் படுக்கவையுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸுக்குப் பணம் கிடையாது. கர்ப்பப் பதிவு அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள், ரத்தப் பிரிவு அதில் இருக்கிறது.